காது கேட்காத அம்மாவுக்கு சி.டி. ஸ்கேன், வழி சொல்லுங்கள்

வணக்கம். நாளை மறுநாள் அம்மாவுக்கு கான்ட்ராஸ்ட் ஊசி (படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து) போட்டு வயிற்று சி.டி. ஸ்கேன். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அறிய ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தாச்சு. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுவதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டோம். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை வரும், சிறுநீர் போய்விட்டது போலவே தோன்றும், சீக்கிரமே அடங்கிவிடும் என்று நர்ஸ் பொறுமையாக விளக்கினார். அதற்கு அம்மா தயார்.

என் கவலை வேறு. அம்மாவுக்குக் காது மந்தம். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று ஸ்பீக்கரில் வரும் குரல் கேட்காமல் மூச்சை விட்டுவிட்டால் படம் கலங்கிவிடுமே! வயிற்று ஸ்கேனுக்கும் காது மெஷினைக் கழற்றச் சொல்வார்களா? கையசைத்துச் சைகை காட்டுவார்களா? வீட்டில் பத்து விநாடி மூச்சடக்கப் பழக்குகிறேன். என் விரலை இறுக்கிப் பிடித்தபடி எண்ணுகிறார். இப்படி யாரையாவது அழைத்துப் போயிருந்தால் சொல்லுங்கள், ப்ளீஸ்.