ஆள் இல்லை என்கிறார்கள், சம்பளம் மட்டும் ஏன் ஏறவில்லை?

புதுவரவு:
தேவை கூடினால் விலை ஏறும், வரத்து கூடினால் இறங்கும், அது வரைக்கும் புரிகிறது. ஆனால் எங்கள் துறையில் இரண்டு வருடமாக ஆள் தட்டுப்பாடு என்று ஒரே புலம்பல், நேர்காணலுக்குப் போனால் அதே பழைய சம்பளம். பாடம் தப்பா, என் புரிதல் தப்பா?

தராசு:
பாடம் சரிதான், அவர்கள் பாதியை விழுங்கிவிட்டுப் பேசுகிறார்கள். "இந்தச் சம்பளத்துக்கு ஆள் இல்லை" என்பதுதான் முழுப்பேச்சு. இதொன்றும் புதிதில்லை. 1348-ல் இங்கிலாந்தில் கொள்ளைநோய் வந்து மூன்றில் ஒருவருக்கு மேல் செத்தார்கள், மிஞ்சிய கூலியாட்கள் கூடுதலாகக் கேட்டதும் 1351-ல் சட்டம் வந்தது: நோய்க்கு முந்தைய கூலிக்கு மேல் வாங்கக் கூடாதாம்! அப்படியும் போகப்போகக் கூலி ஏறத்தான் செய்தது.

பட்டறைக்காரன்:
முதலாளி பக்கத்தையும் கேளுங்கள். என்னிடம் 10 பேர், ஆளுக்கு 100 என்று வையுங்கள். பதினோராவது ஆள் 110 கேட்கிறார். கொடுத்தால் ஒரே வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அவர்களுக்கும் ஆளுக்கு 10 ஏற்ற வேண்டும். ஆக அந்த ஒரு ஆளுக்கு எனக்கு ஆகும் செலவு 110 இல்லை, 210. அவர் 210-க்கு வேலை செய்து தருவாரா? அதனால்தான் இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டு, ஆள் கிடைக்கவில்லை என்று நானும் புலம்புகிறேன்.

புதுவரவு:
ஓ, சம்பளத்தைப் பக்கத்து சீட்டில் சொல்லாதே என்பது இதற்குத்தானா!

தராசு:
அதேதான். பட்டறைக்காரர் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. எல்லோருக்கும் 110 கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டால், பழைய பத்து பேருக்கும் சேர்த்து ஏற்றும் அந்த 100 எப்படியும் போய்விடும், அப்புறம் புது ஆளுக்குத் தனியாக 110 மட்டும்தான். 1992-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கினார்கள். பக்கத்து பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் துரித உணவகங்களில் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. அந்த ஆய்வின் மேல் சண்டை இன்னும் ஓயவில்லை என்பது வேறு விஷயம். எவ்வளவு ஏற்றினாலும் இப்படியே நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

வெல்டர்:
வரத்து ஒன்றும் குழாயைத் திறந்தால் கொட்டுகிற தண்ணீர் இல்லை சார். செங்குத்துக் குழாயில் ஓட்டை விடாமல் பற்றவைக்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது. இன்றைக்குச் சம்பளம் ஏறியதைப் பார்த்துக் கற்க வருகிறவன் கை தேறும்போது, அவனைப் போலவே வந்த ஆயிரம் பேர் வரிசையில் நிற்பார்கள்.

பட்டறைக்காரன்:
செங்குத்துக் குழாய் தெரியுமா? தனிச்செய்தியில் வாருங்கள், 120 தருகிறேன். மற்ற பத்து பேரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.