ரைட்-இன் வாக்கு: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினர்க்கு வணக்கம்.

அமெரிக்கத் தேர்தல் சொற்பட்டியலில் 'ரைட்-இன்' (வாக்குச்சீட்டில் அச்சாகாத ஒருவர் பெயரை வாக்காளரே எழுதி அளிக்கும் வாக்கு) இன்னும் நிரப்பப்படாமல் கிடக்கிறது. 'எழுத்து வாக்கு', 'கையெழுத்து வாக்கு' என்றெல்லாம் எழுதினால் பொருள் விளங்காது. அலாஸ்காவின் 2010 செனட் தேர்தலில் பொருத்திப் பார்த்தால் எந்தச் சொல் தாங்கும் என்பது தெரிந்துவிடும்.

அலாஸ்கா குடியரசுக் கட்சியின் கோட்டை. 1959இல் மாநிலமானது முதல் அதிபர் தேர்தலில் சனநாயகக் கட்சி அங்கே வென்றது 1964இல் மட்டும்தான். இத்தகைய மாநிலத்தில் நடப்பு செனட்டருக்கு ஆபத்து நவம்பரில் வருவது அரிது, 2022க்கு முன்வரை ஆகஸ்டில் நடந்த கட்சி வேட்பாளர் தேர்விலேயே வந்துவிடும். அப்போது செனட்டராக இருந்த லிசா முர்கோவ்ஸ்கி அப்படித்தான் ஜோ மில்லரிடம் சுமார் 2,000 வாக்குகளில் தோற்றார். சுயேச்சையாக மனு கொடுக்கும் கெடுவும் தாண்டிவிட்டது. லிபர்ட்டேரியன் என்ற சிறு கட்சியும் சீட்டில் தன் வேட்பாளரின் இடத்தை விட்டுத்தரவில்லை. சீட்டின் கடைசியில் இருக்கும் வெற்றுக் கோட்டில் தன் பெயரை எழுதும்படி மக்களிடம் கேட்பதுதான் மிஞ்சிய வழி. கேட்டார், சுமார் 10,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 1954இல் தென் கரோலினாவில் ஸ்ட்ராம் தர்மண்ட் வென்ற பிறகு செனட்டுக்கு இவ்வழியில் வேறு யாரும் வந்ததில்லை.

'பெயர் சேர்ப்பு வாக்கு' என்று முன்மொழிகிறேன்.

---

> 'பெயர் சேர்ப்பு வாக்கு' என்று முன்மொழிகிறேன்.

ஐயா, இது வேண்டாம். 'பெயர் சேர்ப்பு' என்றதும் நம் ஊர் வாசகருக்கு வாக்காளர் பட்டியல் சிறப்பு முகாம்தான் நினைவுக்கு வரும். அந்தச் சொல் ஏற்கெனவே வேறொரு வேலையில் இருக்கிறது.

'கையெழுத்து வாக்கு' இன்னும் மோசம். ஒப்பமிடுவது என்று படிப்பார்கள். அதோடு, ஜப்பானில் பொதுவாக எல்லா வேட்பாளர் பெயரையும் வாக்காளர் கையால்தான் எழுதுகிறார். அதை யாரும் ரைட்-இன் என்பதில்லை. ஆக, கையால் எழுதுவது இதன் இலக்கணம் ஆகாது. மற்றவர் பெயர் அச்சில் இருக்க இவர் பெயர் மட்டும் இல்லாமல் இருப்பதே இலக்கணம்.

'சுயேச்சை' என்று மொழிபெயர்ப்பதும் பிழை. சுயேச்சையின் பெயர் சீட்டில் அச்சாகும்.

'எழுதுபெயர்' எப்படி? ஊறுகாய் போல வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். எழுதுபெயர் வாக்கு, எழுதுபெயர் வேட்பாளர் என்று நீட்டலாம். எதிர்ச்சொல்லும் தானாகக் கிடைக்கிறது: அச்சுப்பெயர் வேட்பாளர்.

---

அம்மா, 'எழுதுபெயர்' தனியே நின்றால் எழுத்தாளரின் புனைபெயர் என்று தோன்றுமே? உத்திரமேரூர்க் குடவோலையை ஒட்டிப் 'பெயரோலை' என்று வைத்தால் மரபும் வரும், சொல்லும் சுருக்கம்.

இன்னொன்று. எண்ணும் கட்டத்துக்கும் சொற்கள் தேவைப்படும். அங்கே பெயருக்குப் பக்கத்திலுள்ள சிறு முட்டைவடிவத்தைக் கருப்பாக்க வேண்டும். அதற்கு என்ன சொல்?

---

குடவோலையில் தகுதியுள்ளோர் பெயர்களை முன்பே எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அது குலுக்கல். வாக்காளர் தாமே எழுதி ஆதரிக்கும் முறைக்கு அந்தப் பெயரை வைத்தால் இரண்டு வரலாறும் குழம்பும்.

புனைபெயர்க் குழப்பம் உண்மைதான். அதனால் 'எழுதுபெயர்' என்பதைத் தனிச்சொல்லாகப் பட்டியலில் ஏற்ற வேண்டாம். வாக்கு, வேட்பாளர், பரப்புரை ஆகியவற்றோடு சேர்த்தே ஏற்றுவோம்.

முட்டைவடிவத்துக்குப் புதுச்சொல் தேவையில்லை. கொள்குறித் தேர்வு எழுதியவர் எல்லாருக்கும் 'வட்டத்தைக் கருமையாக்குக' தெரியும். 'வட்டம்' போதும். ஆனால் விளக்கத்தில் அதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அலாஸ்கா வழக்கில் அதுவும் ஒரு கேள்வியானது. எந்திரம் வெற்றுக் கோட்டுக்கு உரிய வட்டம் கருமையானதை மட்டும் எண்ணும், அங்கே எழுதியிருப்பது யார் பெயர் என்பது அதற்குத் தெரியாது. தேர்தல் இரவில் கிடைத்தது எழுதுபெயர் வாக்குகளின் மொத்தம் மட்டுமே. பிறகு மாநிலத் தலைநகர் ஜூனோவில் சீட்டு சீட்டாகக் கையில் எடுத்துப் படித்தார்கள். எழுத்துப்பிழையுள்ள சீட்டுகளைத் தள்ள வேண்டும் என்று மில்லர் தரப்பு ஆட்சேபித்தது. ஆட்சேபத்தை மீறி முர்கோவ்ஸ்கிக்குச் சேர்த்தவை சுமார் 8,000. அவற்றை முழுதாகக் கழித்தாலும் அவர் சுமார் 2,000 வாக்கு முன்னிலையில் இருந்தார்.

டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம், வாக்காளரின் நோக்கம் தெளிவாக இருந்தால் எழுத்துப்பிழை வாக்கைக் கெடுக்காது என்றது. ஆனால் பெயரை எழுதிவிட்டு வட்டத்தைக் கருமையாக்காமல் விட்ட சீட்டுகள் செல்லாது என்றும் சொன்னது. பெயரைப் பிழையாக எழுதலாம், வட்டத்தை மறக்கக் கூடாது. முர்கோவ்ஸ்கியின் பரப்புரைக் குழு கருமையாக்கிய வட்டமும் பெயரும் பொறித்த கைப்பட்டைகளைக் கொடுத்தது இதற்காகத்தான்.

பட்டியலுக்கு என் வரைவு:

எழுதுபெயர் வாக்கு: வாக்குச்சீட்டில் பெயர் அச்சிடப்படாத ஒருவருக்கு, அதற்கென விடப்பட்ட கோட்டில் வாக்காளரே பெயரை எழுதி, உரிய வட்டத்தைக் கருமையாக்கி அளிக்கும் வாக்கு. வட்டம் கட்டாயமா என்பது மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், ஏற்றிவிடுகிறேன்.