பிஆர்சி2 கேன்சரை வளர்க்கிறதா, தடுக்கிறதா?

கோபி_பயோடெக்:
வணக்கங்க. கோயமுத்தூரில் எம்.எஸ்சி. படிக்கிறேன், அடுத்த வாரம் செமினார், தலைப்பு பாலிகோம்ப் புரோட்டீன்கள். அவற்றில் சில சேர்ந்த கூட்டமைப்பான பிஆர்சி2 ஜீன்களை அடக்கி வைக்கும், அதில் இருக்கும் ஈஇசட்எச்2 என்ற நொதி முற்றிய புரோஸ்டேட் கேன்சரில் அளவுக்கு மீறி இருக்கிறது என்று 2002-லேயே காட்டிவிட்டார்கள். சரி, இது வில்லன் என்று எழுதி வைத்தேன். இப்போது பார்த்தால் டி-செல் லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய் சிலருக்கு வருவதில் அதே ஈஇசட்எச்2 பழுதானதற்கும் பங்கு உண்டாம். எதைத்தான் நம்புவது?

பவானிக்காரன்:
ரெண்டையும் நம்பலாமுங்க. அது செய்வது ஒரே வேலைதான். டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் எச்3 என்ற புரோட்டீனில் 27ஆவது அமினோ அமிலமான லைசின் மீது மூன்று மெத்தில் குழுக்களைக் குறியாக ஒட்டும். ஈஇசட்எச்2 தனியாக இருந்தால் ஒன்றும் நடக்காது, பிஆர்சி2-வின் மற்ற புரோட்டீன்களான ஈஈடி, எஸ்யூஇசட்12 இரண்டும் கூட வேண்டும். ஒட்டியபின் அந்த இடத்து ஜீன் வாசிக்கப்படாது, ஆனால் டிஎன்ஏ எழுத்தில் ஒன்றுகூட மாறியிருக்காது. கீழ்பவானி வாய்க்காலில் மடையை அடைக்கிற மாதிரிதான், எந்த வயலின் மடை என்பதுதான் கேள்வி. செல் பெருகுவதை நிறுத்தும் சிடிகேஎன்2ஏ போன்ற ஜீனை அடைத்தால் கட்டி வளரும். டி-செல்லில் நாட்ச்1 என்ற புரோட்டீன் தூண்டும் ஜீன்களை அடக்கி வைத்திருந்ததே பிஆர்சி2 என்றால், அது போனதும் அங்கேயும் வளரும்.

பேத்தாலஜி_அக்கா:
தங்கச்சி, எதிர்க்கட்சியை விட்டுவிடாதே. எஸ்டபிள்யூஐ/எஸ்என்எஃப் என்று இன்னொரு கூட்டமைப்பு, நியூக்ளியோசோம்களை, அதாவது ஹிஸ்டோன்மேல் டிஎன்ஏ சுற்றிய உருண்டைகளை, நகர்த்தி ஜீனைத் திறந்துவிடும், பிஆர்சி2-வைத் தள்ளியும் வைக்கும். அதன் உறுப்பான ஐஎன்ஐ1 என்ற புரோட்டீன் இல்லாமல் போனால் பிஆர்சி2-வைக் கேட்க ஆளில்லை. கைக்குழந்தைகளுக்கு வரும் ராப்டாய்ட் என்ற தீவிரமான புற்றுக்கட்டியில் நடப்பது பெரும்பாலும் இதுதான். நாங்கள் ஐஎன்ஐ1 இருக்கும் இடத்தைப் பழுப்பாகக் காட்டும் ஸ்டெயின் போட்டுப் பார்ப்போம்: பக்கத்து ரத்தக்குழாய் செல்களின் உட்கரு பழுப்பாகத் தெரியும், கட்டியின் உட்கரு மட்டும் வெறுமையாக இருக்கும். ரத்தக்குழாய் செல்களிலும் அந்தப் பழுப்பு இல்லையென்றால் ஸ்டெயினே சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம், ரிப்போர்ட் எழுதக்கூடாது. எபிதீலியாய்ட் சார்கோமா என்ற அரிய மென்திசுப் புற்றுநோயிலும் பெரும்பாலும் ஐஎன்ஐ1 இருக்காது, அதற்குத்தான் 2020 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ டேசிமெட்டோஸ்டாட் என்ற ஈஇசட்எச்2 தடுப்பு மருந்தை அனுமதித்தது. கொஞ்சம் பேருக்குத்தான் கட்டி சுருங்கியது, அதையும் மறைக்காமல் சொல்.

ஈரோட்டு_மஞ்சள்:
ஏனுங்க டாக்டரம்மா, நம்ம மஞ்சளே ஈஇசட்எச்2-வைக் குறைக்கும்னு வாட்ஸப்பில் வந்ததே, நெசமுங்களா? விலையாவது ஏறும்.

பேத்தாலஜி_அக்கா:
தட்டில் வளர்த்த செல்களில் மஞ்சளில் இருக்கும் குர்குமினை நேரடியாக ஊற்றினால் குறைந்ததுங்க. வாய்வழியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் சேர்வது ரொம்பக் கம்மி. சாம்பாருக்குப் போடுங்க, சிகிச்சையை நிறுத்திவிட்டு இதை நம்ப வேண்டாமுங்க.

கோபி_பயோடெக்:
நன்றிங்க அக்கா, அண்ணா. அப்போ குழந்தைகளின் மூளைத்தண்டுக் கட்டியில் அந்த 27ஆவது லைசினே மெத்தியோனின் என்ற வேறொரு அமினோ அமிலமாக மாறிவிடுகிறதே, அது எந்தப் பக்கம்?

பவானிக்காரன்:
அடக்குமுறை தளர்கிற பக்கம். 2012-ல் வெளிவந்தது. செல்லில் எச்3 ஜீனுக்கு ஏகப்பட்ட பிரதிகள், மாறுவது பெரும்பாலும் ஒன்றே ஒன்று, ஆனாலும் அந்தச் சிறு பங்கு புரோட்டீனே பிஆர்சி2-வை முடக்கிவிடுவதால் நல்ல எச்3-யிலும் அந்த மெத்தில் குறி பெரிய அளவில் குறைந்துவிடுகிறது. இருந்தும் சில இடங்களில் குறி மிஞ்சி நிற்கும், சிடிகேஎன்2ஏ அங்கே அடைபட்டே கிடப்பதாகவும் பார்த்திருக்கிறார்கள். செமினாரில் கேள்வி வந்தால் இங்கேதான் வரும், இந்த ஸ்லைடை நன்றாகத் தயார் செய்துகொள்ளுங்க.