பேஸ் கிதாரில் சி மேஜர்: 'ப' வரை சரி, 'த'வில் பிசகுகிறது

கானாடுகாத்தான்காரன்:
பேஸ் வாங்கி ரெண்டு மாதம் ஆகிறது. இணையத்தில் கிடைத்த படத்தை வைத்து சி மேஜர் (சி-யை 'ச'வாக வைத்து ஏறும் ஸ்வர வரிசை) பழகுகிறேன். ச ரி க ம ப வரை ஒழுங்காக வருகிறது, அதற்கு மேல் 'த'விலிருந்து (தைவதம்) ஒட்டவே இல்லை. வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) உட்கார்ந்து வாசித்தால் வீடு முழுக்கக் கேட்கும். இளம் வயதில் வீணை பழகிய அப்பத்தா உள்ளேயிருந்தே, "தைவதத்துல ஏண்டா தூக்கிட்டுப் போற?" என்கிறார். சுருதி பார்க்கும் ட்யூனரில் நாலு கம்பியும் சரியாகத்தான் காட்டுகின்றன.

தேவகோட்டை ஆர்கன்:
கம்பி பழசாகியிருக்கும். 12ஆவது ஃபிரெட்டில் (மெட்டில்) அழுத்தி ட்யூனரில் பாருங்கள், சுருதி ஏறியிருந்தால் பிரிட்ஜை (கம்பியின் அடிமுனையைத் தாங்கும் பகுதி) திருக வேண்டும்.

கானாடுகாத்தான்காரன்:
பார்த்தேன் அண்ணே, சரியாகவே இருக்கிறது.

நாலுகம்பி:
பிரிட்ஜைத் தொடாதீர்கள். எந்தெந்த ஃபிரெட் என்று எழுதுங்கள் தம்பி.

கானாடுகாத்தான்காரன்:
ஏ கம்பி 3, 5. டி கம்பி 2, 3, 5. ஜி கம்பி 3, 5, 6.

நாலுகம்பி:
அப்பத்தா காது அபாரம். நீங்கள் பார்த்தது ஆறு கம்பி கிதாரின் படம், டி கம்பியில் ஆரம்பிப்பது; அதே வடிவத்தை ஏ கம்பியில் வைத்திருக்கிறீர்கள். கிதாரில் ஜி கம்பிக்கும் பி கம்பிக்கும் நடுவில் மட்டும் 4 ஃபிரெட் தூரம், மற்ற ஜோடிகளுக்கெல்லாம் 5. அதனால் பி கம்பிக்குப் போகும்போது கை ஒரு ஃபிரெட் தள்ளிப் போகும். நாலு கம்பி பேஸில் பி கம்பியே இல்லை; ஈ, ஏ, டி, ஜி எல்லாம் 5தான். எனவே ஜி கம்பியில் 2, 4, 5 வாசியுங்கள். நடுவிரலில் ஆரம்பித்தால் கை நகரவே வேண்டாம்.

வீணைப்பிரியை:
படத்தை மூடிவிட்டு ஏ கம்பியில் மட்டும் 3, 5, 7, 8, 10, 12, 14, 15 என்று ஏறிப் பாருங்கள். அதுதான் சங்கராபரண ராகம். வீணையிலும் ஸ்தாயிக்கு 12 மெட்டுதான், அப்பத்தாவே எண்ணிச் சொல்லிவிடுவார். கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) மட்டும் கேட்டுவிடாதீர்கள், பேஸ் கம்பியை இழுத்தால் விரல் போய்விடும்!

கானாடுகாத்தான்காரன்:
2, 4, 5 வைத்ததும் ஒட்டிக்கொண்டது! இன்னொன்று. எங்கள் குழுவில் அடுத்த பாட்டு ஏ மைனராம். அதிலும் சி மேஜரின் ஸ்வரங்கள்தான் என்கிறார்கள். அப்புறம் எதற்கு வேறு பெயர்?

நாலுகம்பி:
எந்த ஸ்வரத்தை வீடாக வைக்கிறோம் என்பதுதான் வித்தியாசம். ஈ கம்பி 5, 7, 8. ஏ கம்பி 5, 7, 8. டி கம்பி 5, 7. இது நேச்சுரல் மைனர், உங்கள் அப்பத்தாவுக்கு நடபைரவி ராகம். ஆனால் பாட்டில் ஸ்கேலை (முழு ஸ்வர வரிசையை) ஓட்டிக் காட்டாதீர்கள். ஏ மைனர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) வரும் இடத்தில் ஈ கம்பி 5, ஏ கம்பி 7. ச, ப. டிரம்ஸில் காலால் அடிக்கும் கிக்கோடு அது விழுந்தாலே குழுவில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கானாடுகாத்தான்காரன்:
சரி அண்ணே. இன்று ராத்திரி வாசிக்கிறேன். அப்பத்தா தூங்கியிருக்க மாட்டார்.