ரோமானியச் சிறுவர்களின் தங்க புல்லா: தாயத்தா, பகட்டா?

உலோகப்பித்தன்: பிறந்த 9ஆம் நாள் பெயர் சூட்டும்போது ஆண் குழந்தையின் கழுத்தில் கட்டும் புல்லாவை, அதாவது உள்ளீடற்ற உருண்டைப் பதக்கத்தை, எல்லாரும் கண்ணேறு கழிக்கும் தாயத்து என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பணக்காரப் பிள்ளைக்குத் தங்கம், ஏழைக்குத் தோல் முடிச்சு, அடிமைப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. இது அந்தஸ்துச் சின்னம், அவ்வளவுதான்.

பொடிஊதி: செய்த விதத்தைப் பாருங்க சார். மெல்லிய தகட்டைக் குழிவாகத் தட்டி எடுத்த இரண்டு கிண்ணங்கள். அவற்றை மேலே ஒரு தங்கப்பட்டை கவ்விப் பிடிக்கும். விளிம்பு முழுக்கப் பற்றவைப்பதில்லை. உள்ளே எதுவும் வைக்கப்போவதில்லை என்றால் இந்த ஏற்பாடு எதற்கு?

உலோகப்பித்தன்: தங்கத்தை மிச்சம் பிடிக்க. ரோமானியக் காதணிகள் பலவற்றில் உள்ளே கந்தகம்தான் இருக்கிறது, தெரியுமல்லவா?

பொடிஊதி: தெரியும். ஆனால் கந்தகம் 115 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால் சூட்டு வேலையெல்லாம் முடிந்தபின் சிறு துளை வழியாக ஊற்றுவார்கள். அந்தத் துளை கட்டாயம். துளையில்லாமல் மூடிப் பற்றவைத்தால் உள்காற்று விரிந்து, பொடி (பற்றவைக்கும் கலவை) உருகி ஓடும் நேரத்தில் இணைப்பைப் பிளந்துவிடும். உள்ளே வைப்பது மூலிகை, துணி என்றால் கதை வேறு. செம்புக் களிம்பு, சிறுவனின் சிறுநீர், நைட்ரம் (இயற்கைச் சோடா உப்பு) மூன்றையும் செம்பு உரலில் அரைத்துத் தங்கத்துக்குப் பற்றாசு, அதாவது அந்தப் பொடி, செய்வதை ரோமானிய எழுத்தாளர் பிளினி தன் 'இயற்கை வரலாறு' 33ஆம் நூலில் சொல்கிறார். செம்பு கலந்த இடம் 900 டிகிரியை ஒட்டி இளகும்; சுத்தத் தங்கத்துக்கு 1064 வேண்டும். 900லேயே உள்ளிருப்பது கரிதான். பற்றவைக்காமல் கவ்வவிட்டதற்கு இது போதாதா?

ஏட்டுச்சுவடி: எழுத்துச் சான்றும் இருக்கு. வெற்றி ஊர்வலத்தில் தளபதி புல்லா அணிந்ததையும், பொறாமைக்கு எதிரான மருந்தை அதற்குள் அடைத்ததையும் ரோமானிய எழுத்தாளர் மக்ரோபியஸ் எழுதுகிறார்.

உலோகப்பித்தன்: மக்ரோபியஸ் 5ஆம் நூற்றாண்டு ஆள், ஐயா! ஊர்வல வழக்கமே அருகிப்போன காலம். அதே பகுதியில் இன்னொன்றும் சொல்கிறார்: எதிரியைக் கொன்ற தன் 14 வயது மகனுக்கு பழைய ரோமின் டார்குவின் மன்னன் புல்லா கொடுத்தானாம். அது பரிசு. தாயத்து எங்கே வந்தது?

ஏட்டுச்சுவடி: சரி, அவரை விடுங்க. பிளினி 1ஆம் நூற்றாண்டுதானே? குழந்தைகளையும் தளபதிகளையும் காப்பது ஃபாஸ்கினஸ், அதாவது ஆண்குறி வடிவம், என்று 28ஆம் நூலில் இருக்கு. ஊர்வலத் தேருக்கு அடியிலும் அதையே தொங்கவிட்டார்கள்.

உலோகப்பித்தன்: அது ஃபாஸ்கினஸ். பேச்சு புல்லாவைப் பற்றி.

பொடிஊதி: இரண்டையும் ஏன் பிரிக்கிறீங்க? பெரியவர் விரலில் நுழையாத குட்டித் தங்க மோதிரங்களின் முகப்பில் அதே குறி பொறித்திருக்கு, பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்க்கலாம். அந்தஸ்தைக் காட்ட மட்டும் என்றால் கல் பதித்திருப்பார்கள். புல்லா தங்கமாக இருப்பதாலேயே அது காப்பில்லை என்று ஆகாது. அந்தப் பட்டைக்கு இன்னும் பதில் வரலையே சார்?