கூத்துப் பாட்டுப் போட்டியை ஆவணப்படமாக எடுக்க: ஒலிப்பதிவும் ஆள் தேர்வும்

பாலாற்றங்கரை:
நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்பராவின் 2007 இறுதிப்போட்டியை வைத்து எடுத்த 'தி ஆடிஷன்' ஆவணப்படத்தை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். அந்த வழியில், குடியாத்தம் பக்கம் சித்திரையில் நடக்கவிருக்கும் இளம் தெருக்கூத்துக் கலைஞர்களின் பாட்டுப் போட்டியைப் படமாக்கத் திட்டம். 9 பிள்ளைகள், வயது 14 முதல் 20 வரை. வேஷம் கட்டி, பின்பாட்டுக்காரர்களோடு பாடுவார்கள். கையில் 2 கேமரா, 4 தட ரெக்கார்டர் ஒன்று, 2 காலர் மைக். மேடை மிக்சரிலிருந்து ஒரு வயர் இழுத்தால் போதுமா? முகவீணை (சிறிய நாதசுரம் போன்ற ஊதுகருவி) குரலை மூடிவிடாதா? 9 பேரையும் தொடர ஆள் கிடையாது. யாரை எடுப்பது, யாரை விடுவது?

முகவீணை:
மிக்சர் வயரை மட்டும் நம்பாதீங்க. சவுண்ட் சர்வீஸ்காரர் எக்கோ போட்டிருப்பார், கூம்பு ஸ்பீக்கருக்காகக் கீழ்ச்சுருதியை வெட்டியிருப்பார். அதெல்லாம் பதிவோடு ஒட்டிக்கொண்டு வரும், பிறகு பிரிக்க முடியாது. ஒரு காப்புக்கு மட்டும் எடுங்கள். எடுக்கும்போது ரெக்கார்டரை லைன் அளவுக்கு (மிக்சர் தரும் பலமான சிக்னலுக்கான அமைப்பு) மாற்றுங்கள். மைக் அளவில் விட்டால் முதல் விருத்தத்திலேயே (தாளமில்லாமல் நீட்டிப் பாடும் பாட்டு) ஒலி கிழியும். 'ம்ம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் முனகல் வந்தால் நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (மின்தொடர்பை அறுத்து ஒலியை மட்டும் கடத்தும் பெட்டி) போடுங்கள்.

ஓப்பராவில் மைக் கிடையாது. ஆர்கெஸ்ட்ராவின் பலம் 500 ஹெர்ட்ஸைச் சுற்றி நிற்க, பயிற்சி பெற்ற குரல் 3000 ஹெர்ட்ஸ் அருகே திரண்டு அதைத் தாண்டிப் போகும். கூத்தில் அந்த வசதி இல்லை. முகவீணையும் ஜால்ராவும் அந்த மேல்பகுதியிலேயே கூவும். ஆகவே ஈக்யூவை (ஒலியின் மேல், கீழ்ப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் திருகு) திருகிப் பயனில்லை, மைக்கைக் குரலுக்குப் பக்கத்தில் கொண்டுபோவதுதான் வழி.

காலர் மைக்கை நெஞ்சில் குத்தாதீர்கள். மார்புக்கட்டையும் (மார்பில் கட்டும் மர அணி) கண்ணாடிச் சில்லும் உரசும், தலை திரும்பும்போது குரல் ஏறி இறங்கும். கிரீடத்துக்கு அடியில் தலைத்துணி கட்டுவார்களே, அதன் முன்விளிம்பில், நெற்றி நடுவில் வையுங்கள். கிறிக்கி (வேகமான சுழற்சி) சுற்றினாலும் வாய்க்கும் மைக்குக்கும் தூரம் மாறாது. ஒப்பனையில் எண்ணெய் இருப்பதால் டேப் நழுவும். ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, அரிதாரம் பூசுவதற்கு முன்பே ஒட்டிவிட வேண்டும். வேர்வை மைக் துளையில் இறங்கினால் ஒலி திடீரென மங்கும். துளைக்கு மேலே டேப்பில் சின்னக் கூரை கட்டுங்கள், மாற்று மைக் ஒன்று தயாராக இருக்கட்டும். 2 தடம் குரலுக்கு, 1 மிக்சருக்கு, நான்காவதைப் பின்பாட்டு பெஞ்சுக்கு எதிரே ஒரு மீட்டரில், முகவீணைக்காரர் இருக்கும் ஓரத்துக்கு எதிர் ஓரத்தில் நிறுத்துங்கள்.

பதிவு அளவை வசனத்துக்கு வைத்தால் விருத்தத்தில் உடையும். அந்தப் பிள்ளை பாடுவதிலேயே உச்சமான இடத்தை முன்பே பாடச் சொல்லி, அது மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், 4 தடம் என்றால் மணிக்கு சுமார் 2 ஜிபி ஆகும். கேமராவும் ரெக்கார்டரும் நேரம் போகப்போக ஒன்றுக்கொன்று விலகும் என்பதால், படத்தையும் ஒலியையும் பிறகு பொருத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகக் கைதட்டிப் பதிவைத் தொடங்குங்கள்.

திரைப்பிரவேசம்:
ஒலி பற்றி மேலே சொன்னதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஆள் தேர்வுக்கு வருகிறேன்.

அந்த ஓப்பராப் படத்தில் ஒரு டெனர் (உயர்குரல் ஆண் பாடகர்), இசையமைப்பாளர் டோனிசெட்டியின், மேல் ஸ்ருதி 'சி' ஒன்பது முறை வரும் பாட்டைப் பாடலாமா வேண்டாமா என்று தவிப்பதை முன்கூட்டியே காட்டிவிடுவார்கள். அதனால்தான் மேடையில் அவர் வாய் திறக்கும்போது ஓப்பரா தெரியாதவருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. உங்கள் படமும் அங்கேதான் நிற்கும். பாட்டைத் தேர்ந்தெடுக்கும் பேச்சை, வாத்தியாரோடு நடக்கும் வாக்குவாதத்தை, முதலில் எடுங்கள். எந்தக் கட்டையில் (சுருதியில்) பாடுவது என்பதே பெரிய கேள்வி. 14, 15 வயதில் குரல் உடையும் பையனை ஐந்து கட்டையில் இழுத்தால் கம்மிவிடும், இறக்கினால் எடுப்பு போய்விடும். ஆர்மோனியத்தில் கட்டையை மாற்றி மாற்றிப் பார்க்கும் அந்த அரை மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள்.

முதல் நாள் 9 பேரையும் ஆளுக்கு 20 நிமிடம் எடுத்துவிட்டு, 4 பேரைப் பிடியுங்கள். ஜெயிப்பார் என்று தோன்றுபவரைத் தேடாதீர்கள். வெவ்வேறு சிக்கல் உள்ளவர்களைத் தேடுங்கள்: குரல் உடையும் பையன், ஆண் வேஷம் கட்டும் பெண், அடவு (ஆட்ட அசைவு) வலுவாகவும் தாளம் தடுமாறியும் இருப்பவர், அதிகம் பேசாதவர்.

வெட்டும்போது ஒன்று: தருவில் (தாளத்தோடு வரும் பாட்டு) நடிகர் பாடிய அடியைப் பின்பாட்டு திருப்பிப் பாடும். அங்கே தாயின் முகத்துக்கோ நடுவர் கைக்கோ போகலாம், பாட்டு அறுபடாது. விருத்தத்தில் தாளம் கிடையாது. குறுக்கே வெட்டினால் தைத்த இடம் தெரியும். திரைக்குப் பின்னால் நின்று பாடும் வருகை விருத்தத்தை ஒரே ஓட்டமாக விடுங்கள். ஒரு கேமரா திரைக்கு உள்ளே இருக்கட்டும். முகம் தெரியாமல் குரல் மட்டும் வரும் நேரத்தில் அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்க்க முடிகிற ஒரே இடம் அது.

சாத்துமதுரை சாலை:
விளக்கையும் அனுமதியையும் யாரும் சொல்லவில்லை. நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் நொடியில் 50-இல் ஒன்று. ஜெனரேட்டர் ஓடினால் மின்சாரம் சரியாக 50 ஹெர்ட்ஸில் நிற்காது, எல்இடி ஒளியில் பட்டை பட்டையாக ஓடும். கேமராவில் நுண்ணிய ஷட்டர் மாற்றம் இருந்தால் பட்டை நிற்கும்வரை திருகுங்கள்.

18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள். தோற்ற பிள்ளை அழுவதைக் காட்டலாமா என்பதைப் போட்டிக்கு முன்பே பிள்ளையிடமும் கேளுங்கள், முடிவு வந்த பிறகு கேட்பது நியாயமில்லை. நடுவர்கள் பேசும் அறைக்குள் கேமரா வேண்டுமென்றால் அதுவும் முன்னதாகவே.

கோயில் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடினால் பேட்டிகள் எல்லாவற்றிலும் அது கலந்து, யூடியூப்பில் உரிமைக் கோரிக்கை வரும். படப்பிடிப்பு நேரத்தை எழுதி விழாக் குழுவிடம் கொடுத்து அணைக்கச் சொல்லுங்கள். தேதி தள்ளிப்போனால் வைகாசி முதல் தேதியை ஒட்டி வைக்காதீர்கள். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் குடியாத்தத்தில் வண்டி நகராது, வாடகைக்கு ஒரு விளக்கு கிடைப்பதும் கஷ்டம்.

பாலாற்றங்கரை:
நெற்றி மைக் யோசனைக்கு நன்றி. மார்புக்கட்டைக்குள் வைப்பதாகத்தான் இருந்தோம். கிரீடத்தின் எடை மைக்கை அழுத்தாதா?

முகவீணை:
அழுத்தும். கிரீடம் உட்காரும் இடத்துக்கு ஒரு விரல் கீழே, துணியின் மடிப்புக்குள் வையுங்கள். வயரைக் காதுக்குப் பின்னால் கழுத்துவழி இறக்கி, கழுத்தருகே ஒரு வளையம் தளர்வாக விடுங்கள்; இல்லையென்றால் குனியும்போது இழுத்துக்கொண்டு வந்துவிடும். வேஷம் கட்டி முடித்ததும் இரண்டு கிறிக்கி சுற்றச் சொல்லி ஹெட்போனில் கேட்டுவிட்டு மேடைக்கு அனுப்புங்கள்.