கான்டூர் பூசினால் கன்னம் அழுக்காகத் தெரிவது ஏன்?

கயல்: வணக்கம். நான் மாநிறத்தைவிடச் சற்று அடர்ந்த நிறம் உடையவள். கன்னத்துக்கு வடிவம் கொடுக்க விரும்பி ஒரு கான்டூர் பவுடர் வாங்கினேன். குளியலறைக் கண்ணாடியில் நன்றாக இருக்கும் முகம், வெளியே வந்ததும் சாம்பல் தேய்த்ததைப் போல ஆகிவிடுகிறது. நேற்று உடன் பணிபுரிபவர் ஒருவர், கன்னத்தில் கரி ஒட்டியிருப்பதாகச் சொல்லிக் கைக்குட்டையை நீட்டினார். முகத்தின் மேடான இடங்களுக்கு மினுக்குத் தரும் ஹைலைட்டரைப் பூசினாலோ மூக்கில் எண்ணெய் வழிவதைப் போல இருக்கிறது. தவறு நிறத்திலா, இடத்திலா, என் கையிலா?

மீனா: ‘சாம்பல்’ என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. கான்டூர் என்பது இல்லாத நிழலை இருப்பதாகக் காட்டும் வேலை. வெளிர்ந்த தோலில் விழும் நிழல் சாம்பல் கலந்த பழுப்பாகத் தெரிவதால் பல கான்டூர்களை அந்த நிறத்திலேயே தயாரிக்கிறார்கள். அதையே அடர்ந்த தோலில் பூசும்போது நிழலுக்குப் பதிலாக நீறு பூத்தது போன்ற படலம்தான் மிஞ்சும். பகலில் சன்னலோரம் நின்று, உங்கள் தாடைக்குக் கீழே கழுத்தில் விழும் நிழலைக் கவனியுங்கள். நீங்கள் தேட வேண்டிய நிறம் அதுதான். பெரும்பாலும் அது உங்கள் தோலைவிட இரண்டு படி அடர்ந்த, சற்றே செம்மை ஓடிய பழுப்பாக இருக்கும். மினுமினுப்பு அறவே கூடாது. ஒளியைத் திருப்பி அனுப்பும் பொருள் எப்படி நிழலாக முடியும்?

ராதிகா: மீனா சொன்னது சரியே. ஆனால் கரிக்கோடு விழுவதற்குக் கையும் காரணமாக இருக்கலாம். முகம் முழுவதும் ஒரே நிறமாகத் தெரியப் பூசும் ஃபவுண்டேஷன் ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் கான்டூர் பவுடரை வைத்தால், தூரிகை முதலில் தொட்ட இடத்திலேயே நிறம் அப்பிக்கொள்ளும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் கலையாது. முதலில் நிறமற்ற பவுடரை மெல்லிதாக ஒற்றுங்கள். தூரிகையைத் தட்டி உதறிய பின், காதின் அருகே தொடங்கிக் கன்ன எலும்பின் அடியோரமாக முன்னோக்கி வந்து, கண்ணின் வெளிமுனைக்கு நேர்கீழே நிறுத்திவிடுங்கள். வாய்வரை இழுத்தால் முகம் ஒட்டி, நோயுற்றவர் போலத் தோன்றும். விளிம்பை மேல்நோக்கியே கலைக்க வேண்டும். கீழ்நோக்கி இழுத்தால் கன்னம் தொங்குவதாகத் தெரியும். கிரீம் கான்டூர் என்றால் வரிசை மாறும்: அதை முடித்த பிறகே பவுடர். இன்னொன்று, குளியலறை விளக்கு தலைக்கு மேலே இருந்தால் அதுவே கன்னத்தில் பாதி நிழலைப் போட்டுவிடும். அந்தக் கண்ணாடியை நம்பாதீர்கள்.

சுமதி: ஹைலைட்டரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெள்ளி நிற மினுக்கு நம் தோலில் வெளுத்துப்போய்த் தனியாக நிற்கும். பொன், செம்பு நிறங்கள் தோலோடு இசையும். மூக்கின் பக்கங்களிலும் கன்னத்தின் நடுவிலும் தோல்துளைகள் பெரிதாக இருந்தால் அங்கே மினுக்கு வேண்டாம், ஒவ்வொரு துளையையும் அது எண்ணிக் காட்டும். கன்ன எலும்பின் உச்சியில், விரல்நுனியால் ஒற்றும் அளவு போதும். மூக்குத்தண்டை எடுத்துக்காட்டத்தான் வேண்டுமென்றால், தோலைவிட ஒரு படி வெளிர்ந்த, மினுக்கில்லாத கன்சீலரை (கருமை, தழும்புகளை மறைக்கப் பூசுவது) மெல்லிய கோடாக இட்டுக் கலைத்துப் பாருங்கள்.

கயல்: மூவருக்கும் நன்றி. காலையில் சன்னலோரம் கழுத்து நிழலையும் என் பவுடரையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். நிழல் காப்பிக்கொட்டை நிறம், பவுடரோ ஈரச் சிமெண்ட்! இனி அதைக் கன்னத்துக்குப் பயன்படுத்த மாட்டேன். ஆனால் வாய்வரை இழுத்தது முழுக்க என் கைவேலைதான்.